கோல் இறங்கும்வரை

"நீ அதைத் தொடவே கூடாது, சிக்னி."

"தொடுவேன். தூக்குவேன். எல்லாருக்கும் முன்னாடி தூக்கிட்டு—"

"வேற யாராவது தூக்கட்டுமே. உனக்கு எதுக்கு—"

"வேற யாரு இருக்கா? சொல்லேன். எனக்கு மூத்தவங்களை எல்லாம் ஒருத்தர் விடாம வீட்டுக்கு அனுப்பிட்டானே அந்த மனுஷன்!"

"அதுக்காக நீ—"

"அவனே கொண்டுவந்து கோலை என் கையில குடுத்திருக்கான், ஹால்வர். குடுத்தது அவனுக்கே தெரியாது. வேண்டாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

"மெதுவாப் பேசு. வெர்னா வீட்டு ஜன்னல் திறந்திருக்கு."

"திறந்திருக்கட்டும். ஏய் வெர்னா, கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றேன் நான், பாத்திரம் கழுவிக்கொண்டே. கேட்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் இரண்டு அடுப்படிகளுக்கும் நடுவில் ஒரு லைலாக் பூப்புதரும் ருபார்ப் செடிப் பாத்தியும்தான். அவர்கள் வீட்டில் காப்பி கொதித்தால் எனக்கு மணக்கும்.

"அப்ப நீயே சொல்லு. தூக்கவா, வேண்டாமா?"

"என்னை இழுக்காதே. எனக்கு மாவு பிசையற வேலை கிடக்கு."

பின்கதவு சாத்தப்பட்டது. அவள் புருஷன் ஹால்வர் தூண்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் இறங்கிப் போனான். அவன் சாத்தினால் கதவு சத்தம் போடாது. அவன் கோபமே அப்படித்தான். சத்தம் எல்லாம் சிக்னியின் பங்கு.

எங்கள் ஊரில் அந்தக் கோலைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. கல்லூரிதான் ஊர், ஊர்தான் கல்லூரி. நானே பாதி ஆயுளை அதன் அடுப்படியில் ரொட்டி சுட்டுக் கழித்தவள். மே மாதம் பட்டமளிப்பு நாளில், எல்லோரையும்விட அதிக காலம் பாடம் நடத்திய ஆசிரியர் அந்த ஆஷ் மரக் கோலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். பித்தளைக் குமிழ் வைத்த, நல்ல கனமான கோல். யாரும் அதை முந்தக்கூடாது. மேடையில் ஓர் இரும்புத் தாங்கி இருக்கும். கோல் அதில் இறங்கும்வரை கல்லூரித் தலைவர் முதல் கைக்குழந்தைக்காரி வரை யாரும் உட்காரக்கூடாது. கோல் இறங்க வேண்டுமென்றால் கல்லூரிப் பாட்டு முடிய வேண்டும். பாடகர் குழு கடைசி வரியை இழுத்து நிறுத்தும். குழுவை நடத்தும் ஹால்வரின் கை கீழே விழும். அந்தக் கை விழுந்ததைப் பார்த்துத்தான் கோல் இறங்கும். வருஷா வருஷம் இதுதான். எழுதி வைத்த சட்டம் ஒன்றுமில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது மாற்றியிருப்பார்கள்.

புதுத் தலைவர் ஹோலிஸ் கிழக்கிலிருந்து வந்தவர். நல்ல உயரம், நல்ல பல்வரிசை. எதிரே வருகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். 'நம்ம குடும்பம்' என்ற வார்த்தை இல்லாமல் அவருக்கு ஒரு பேச்சு முடியாது. வந்த மறுவருஷமே மூத்த ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார், அப்படித்தான் கோல் சிக்னியின் முறைக்கு வந்தது; ஹால்வரின் இசைத் துறையையும் மூடினார். பிள்ளைகள் சேரவில்லை, காலம் மாறிவிட்டது என்று காரணம் சொன்னார். அக்டோபரில் ஆசிரியர் கூட்டம் போட்டு, மூடலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். சிக்னி தாவரவியல்காரி, அவள் துறைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆனாலும் எழுந்து நின்று தொண்டை கம்மும்வரை வாதாடினாள். ஹால்வர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லையாம். கைகள் எழுந்தன. அவனிடம் பாட்டுக் கற்றுக்கொண்ட ஆட்களின் கைகளும்தான்.

அந்த வாரம் முழுக்க அவர்கள் வாசலில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் வந்து இறங்கின. சாவு வீட்டுக்குக் கொண்டுபோவது போல. மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டு மேலே உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்டது, காட்டரிசிச் சூப்பு, எலுமிச்சை இனிப்புத் துண்டங்கள். பாத்திரத்தின் அடியில் பெயர் ஒட்டியிருக்கும். வாசலில் நின்று, "குளிர் சீக்கிரமே வந்துடுச்சு, இல்லே?" என்பார்கள். "ஆமா" என்பான் ஹால்வர். அதற்குமேல் ஒரு பேச்சு கிடையாது. கை தூக்கியவர்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிக்னி அந்தப் பாத்திரங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

"இதையெல்லாம் என்ன பண்ணப் போறே?" என்று கேட்டேன்.

"கோழிக்குப் போடப்போறேன்."

"உன்கிட்ட ஏது கோழி?"

"வாங்குவேன்."

அதன் பிறகு அந்த வீட்டில் பாட்டு நின்றுபோனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பனி தள்ளும்போது பாடுகிறவன், மீன் செதில் உரசும்போது முணுமுணுக்கிறவன் ஹால்வர். சிக்னியின் பிறந்தநாள் ஜனவரியில். கல்யாணமான வருஷத்திலிருந்து அன்று காலையில் காப்பிக்கு முன்னால் அவள் அறைக் கதவருகே நின்று ஒரு நார்வேப் பாட்டு பாடுவான். லைலாக் புதர் தாண்டி எனக்கும் வந்துவிடும். இந்த ஜனவரியில் வரவில்லை. விடியும்போதே உறைந்த ஏரியின் நடுவில் நிறுத்திய தன் மீன்பிடிக் குடிசைக்குப் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டான். சிக்னி பனிக்காலணி மாட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். குடிசைக் கதவுக்கு வெளியே நின்றாள். வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"ஒரே ஒரு வரி பாடுன்னு கேட்டேன், வெர்னா. உள்ளேயிருந்து, 'மீன் கலைஞ்சிடும்'ங்கறான்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு வட்ட ரொட்டியை அவள் முன்னால் தள்ளினேன்.

"என் வீட்டுச் சத்தத்தைத் திருடிட்டுப் போயிட்டான் அந்த ஹோலிஸ்" என்றாள். "விடமாட்டேன். ஊர் முன்னாடி அவன் வாயடைச்சு நிக்கணும். நான் பார்க்கணும்."

கோலுக்காகச் சண்டை நடந்த அன்று பிற்பகல் கண்ணாடிக்கூடத்தில் அவளுக்குத் துணையாகத் தக்காளி நாற்றைப் பிரித்து நட்டுக்கொண்டிருந்தேன். ஏரியில் பனிக்கட்டி போய் அதிக நாள் ஆகவில்லை. கண்ணாடிக்கு வெளியே காற்று கடித்தது, உள்ளே முதுகெல்லாம் வேர்வை.

"புதுசா என்ன நடந்துச்சு? எதுக்கு இன்னிக்கு அவ்வளவு சத்தம்?"

"உனக்குத் தெரியாதா? பாடகர் குழு இல்லையே, பட்டமளிப்புக்கு என்ன செய்யப்போறாங்கன்னு கேட்டேன். போன வருஷம் பதிவு பண்ணினது இருக்காம், ஒலிபெருக்கியில போட்டுடுவாங்களாம்."

"போன வருஷத்துப் பாட்டா? அது ஹால்வரோட பாட்டாச்சே!"

"அவன் பாட்டு, அவன் பிள்ளைங்க. ஆள் வேண்டாமாம், ஆளோட குரல் மட்டும் வேணுமாம். ஒரு வார்த்தை கேட்டாங்களா அவன்கிட்டே? அதைச் சொன்னா இவன் 'போடட்டுமே'ங்கறான். போடட்டுமே! என்ன ரத்தம் ஓடுது இவன் உடம்புல? ஏரித் தண்ணியா?"

"வேரை நசுக்காதே, சிக்னி."

அவள் கையைப் பார்த்தாள். நாற்றை மெல்லக் குழியில் இறக்கினாள்.

"சரி, கோலை வெச்சுக்கிட்டு என்ன செய்யப்போறே? அவர் மண்டையில போடப்போறியா?"

"சே, மரம் பாழாயிடும்."

"அப்புறம்?"

"ஒண்ணும் செய்யமாட்டேன்."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே. அதுதான் திட்டம்." அவள் பல் தெரியச் சிரித்தாள்.

பட்டமளிப்பு நாளில் வெயிலும் காற்றும் சேர்ந்து வந்தன. புல்வெளியில் நாற்காலிகள், கூடாரக் கயிறுகளைத் தோட்ட ஆட்கள் இழுத்து இழுத்துக் கட்டினார்கள். நாங்கள் அடுப்படிப் பெண்கள், ஓய்வு பெற்றவர்களும்தான், வழக்கம்போலப் பின்னால் லைலாக் வேலியோரம் மேசை போட்டு எலுமிச்சைத் தண்ணீரும் பன்றியிறைச்சி ரொட்டியும் அடுக்கினோம். கறுப்பு ஈ மொய்த்தது. தாய்மார்களின் தொப்பிகள் பறந்தன.

ஊர்வலம் வந்தது. முன்னால் சிக்னி. குட்டையான பெண் அவள்; கோல் அவள் தலைக்கு மேலே நின்றது. தாவரவியல் கூடத்துக்கு நடப்பது போலவே விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் நீண்ட கால்களை வைத்துக்கொண்டு ஹோலிஸ் அடி மாற்றி மாற்றித் தடுமாறினார். அவளை முந்தவும் முடியாதே. அவருக்குப் பின்னால் அறங்காவலர்கள், ஆசிரியர்கள், பிள்ளைகள். மேடை ஏறி எல்லோரும் நின்றார்கள். புல்வெளியும் எழுந்து நின்றது.

ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது. 'ஏரிமேல் எழும் வெளிச்சமே, எங்கள்மேலும் எழுவாய்.' நன்றாகத்தான் இருந்தது. கடைசிப் பத்திக்கு முன்னால் ஒரு சின்னச் செருமல் கேட்டது. ஹால்வர் எப்போதும் அந்த இடத்தில் செருமுவான். அதையும் பதிவு பண்ணி வைத்திருக்கிறார்கள் பாவிகள். தற்செயலாகத் திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம், தூண்டில்காரன் சட்டையோடு ஹால்வர் நின்றுகொண்டிருந்தான்.

"வரமாட்டேன்னியே?"

"வரலே. இந்தப் பக்கமாப் போயிட்டிருந்தேன்."

"ஏரி அந்தப் பக்கம்ல இருக்கு."

"தெரியும், வெர்னா."

பாட்டு முடிந்தது. எல்லோரும் கோலைப் பார்த்தார்கள். கோல் இறங்கவில்லை.

யாரோ இருமினார்கள். கொடித் துணி படபடத்தது. கோல் இறங்கவில்லை. ஹோலிஸ் புன்னகையோடு சிக்னியின் காதருகே குனிந்தார். முன்னால் ஒலிவாங்கி இருப்பதை அவர் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

"சிக்னி, இறக்கிடலாமே."

"பாட்டு ஆகட்டும், தலைவரே."

"ஆயிடுச்சே இப்ப."

"அது போன வருஷத்துப் பாட்டு. போன வருஷத்துக்குக் கோல் அப்பவே இறக்கியாச்சு."

பிள்ளைகள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஹோலிஸின் பல்வரிசை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் ஓடின.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். கோலுக்குப் பாட்டு வேணும். வழக்கம்."

"பாடறதுக்குத்தான் ஆள் இல்லையே."

"ஏன் இல்லே?"

ஒலிபெருக்கி அந்த இரண்டு சொல்லையும் ஏரிவரை கொண்டுபோனது. ஹோலிஸ் ஒலிவாங்கியை இப்போதுதான் பார்த்தார். முன்வரிசையில் அறங்காவலர் அம்மாள் ஒருத்தி தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்டோபரில் கை தூக்கிய ஆசிரியர்கள் எல்லோரும் வானத்தில் எதையோ தேடினார்கள்.

"வயசானவங்க நிக்கறாங்க, சிக்னி. வெயில்ல."

"ஆமா, பாவம். நீங்களே பாடிடுங்களேன். நம்ம குடும்பம், நம்ம குடும்பம்னு சொல்வீங்களே. குடும்பப் பாட்டு தெரியாமலா இருக்கும்?"

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதருக்குத் துணிச்சல் இருந்தது. ஒலிவாங்கி முன்னால் வந்து நின்று தொடங்கினார். தொடங்கிய இடமே ஏகத்துக்கு மேலே. 'ஏரிமேல் எழும் வெளிச்சமே' என்பது ஏதோ கதவு கிறீச்சிடுவது போல வந்தது. இரண்டாவது வரி பாதி தெரியவில்லை; 'எங்கள், எங்கள்' என்று இழுத்தார். பிள்ளைகள் கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தார்கள். சிரிப்பு இப்போது மறைக்கப்படவில்லை. கழுத்து சிவந்து, காது சிவந்து, அங்கிக்குள் அவர் சுருங்கிக்கொண்டே போனார்.

நான் சிக்னியைப் பார்த்தேன். ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்தவள் முன்னால் சோறு வந்தது போல இருந்தது அந்த முகம். மென்று மென்று சாப்பிட்டாள்.

ஹோலிஸ் மூன்றாவது வரிக்கு ஏறினார். அங்கேதான் பாட்டு உயரப் போகும். குரல் உடைந்தது. நின்றுவிட்டார். கூட்டம் 'ஹோ' என்றது.

என் பக்கத்தில் ஒரு செருமல்.

"வேண்டாம், ஹால்வர்" என்றேன். அவன் சட்டையைக்கூடப் பிடித்தேன்.

"தாங்க முடியலே, வெர்னா" என்றான்.

வேலிக்கு மேலாக அவன் குரல் போனது. வார்த்தை இல்லை, வெறும் சுருதி. தாழ்வான, சரியான இடம். மொத்தப் புல்வெளியும் திரும்பியது. அந்த ஒற்றைச் சுருதியைப் பிடித்துக்கொண்டு அவனிடம் பாடிய பிள்ளைகள், கறுப்பு அங்கிக்குள் அங்கங்கே சிதறி நின்றவர்கள், ஒவ்வொருவராய்த் தங்கள் குரலில் ஏறிக்கொண்டார்கள். பெண்கள் மேலே, ஆண்கள் கீழே. ஊர்க்காரர்கள் சேர்ந்தார்கள். எலுமிச்சைத் தண்ணீர்க் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் பாடினேன். எனக்கென்ன தெரியும், வாய் தானாகப் பாடியது. ஹால்வர் வேலியைத் தாண்டி வந்து, பழக்கதோஷம், வலது கையைத் தூக்கியிருந்தான். ஹோலிஸ் முங்கப்போனவன் கயிற்றைப் பிடித்த மாதிரி அந்தக் கையையே பார்த்துப் பாடினார். சுருதி சேர்ந்துவிட்டது அவருக்கும்.

கடைசி வரி. கை விழுந்தது. பாட்டு நின்றது.

சிக்னி இன்னும் பிடித்துக்கொண்டு நின்றாள். புல்வெளிக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தாள். பிறகு கோல் இரும்புத் தாங்கியில் 'டங்' என்று இறங்கியது. அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். அவள்தான் கடைசியில் உட்கார்ந்தாள்.

ஹோலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். "பார்த்தீங்களா? இதுதான் நம்ம கல்லூரி. இதுதான் நம்ம குடும்பம்!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. விழா முடிந்து என் மேசைக்கு வந்த தாய்மார்கள், "எவ்வளவு அழகா ஏற்பாடு பண்ணியிருந்தீங்க, தலைவரைச் சும்மா தப்பாப் பாட வெச்சு!" என்று என்னிடம் உருகினார்கள். ஹோலிஸ் நீண்ட கையை நீட்டிக்கொண்டு ஹால்வரிடம் வந்தார். என் காதுபடத்தான் பேசினார்கள்.

"என்னைக் காப்பாத்தினீங்க, ஹால்வர்."

"அப்படி எல்லாம் ஒண்ணுமில்லே."

"வருஷா வருஷம் இந்த ஒரு நாள் மட்டும் வந்து நடத்திக் குடுங்களேன். துறை கிறை எதுவும் வேண்டாம். சும்மா, நம்ம குடும்பத்துக்காக."

ஹால்வர் தூண்டில் சட்டையின் பொத்தானைத் திருகினான். "ம். சரி" என்றான்.

சாயங்காலம் மீந்த ரொட்டியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. சிக்னி அங்கியைக் கழற்றாமலே ருபார்ப் தண்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் விழும் சத்தம் வாசல்வரை கேட்டது. ஹால்வர் மேசையில், காப்பியைத் தொடாமல்.

"உக்காரு, வெர்னா" என்றாள். "இவன் இப்ப பெரிய பாடகன், தெரியுமில்லே? மே மாசம் மே மாசம் கச்சேரி."

"சிக்னி" என்றான் அவன்.

"சரின்னு சொன்னியாமே. வாயைத் திறந்து சொன்னியாமே, சரின்னு."

"வேற என்ன சொல்றது? எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க."

"அக்டோபர்லயும்தான் எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க. அன்னிக்கு நான் ஒருத்தி நின்னு கத்தினேன், நீ கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தே. இன்னிக்கு அவன் என் கையில சிக்கினான். இன்னும் ஒரு நிமிஷம், ஹால்வர். ஒரே ஒரு நிமிஷம் நீ சும்மா இருந்திருந்தா அவன் அந்த மேடையை விட்டு இறங்கி ஓடியிருப்பான். சும்மா இருக்கறது உனக்கு என்ன புதுசா?"

"அவனுக்காகப் பாடலே."

"பின்னே யாருக்காக?"

"சுருதி தப்பிப்போச்சு. பிள்ளைங்க சிரிச்சாங்க. அந்தப் பாட்டைப் பார்த்துச் சிரிச்சாங்க, சிக்னி. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

கத்தி நின்றது. நான் ரொட்டியை மேசையில் வைத்தேன். போய்விடலாம் என்று திரும்பினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

சிக்னி கைகளை அங்கியில் துடைத்தாள். கறுப்புத் துணியில் ருபார்ப் சாறு ஈரமாய்ப் பளபளத்தது. இப்போது அவள் குரலில் சத்தமே இல்லை. அவன் கதவைச் சாத்துவது போலத்தான் பேசினாள்.

"ஜனவரியில உன் குடிசைக்கு வெளியே பனியில நின்னு ஒரே ஒரு வரி கேட்டேனே, ஹால்வர். அவனுக்கு வந்த சுருதி எனக்கு ஏன் வரலே?"